நிறுத்து என்று யாரும் காட்டலாம்

பையிலிருந்து ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டி, “இது எந்தக் கப்பல்ல வந்துச்சுன்னு சொல்லுங்க பாப்போம்” என்று கேட்கிற ஆளை நீங்கள் சந்தித்திருக்க மாட்டீர்கள். அவள் கேட்பாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

துறைமுகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் அவள் வழிகாட்டி. பக்கவாட்டில் நீல அலை வரைந்த வெள்ளைப் பேருந்து ஒன்று உண்டு. அதில் ஊர்க்காரர்களை ஏற்றி, மைக்கைப் பிடித்தபடி துறைமுகத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டி, இது உங்கள் துறைமுகம்தான் என்று நம்பவைத்து இறக்கிவிட வேண்டும். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஊருக்கோ துறைமுகத்தின் மேல் அப்படியொன்றும் பாசம் கிடையாது. காயப்போட்ட துணியில் கரித்தூள் படிகிறது. லாரிகள் நடுத்தெருவில் நின்றுகொண்டு ஹாரன் அடிக்கின்றன. கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டு வருகிறது. இதற்கிடையில் புதிதாக ஒரு சரக்குத் தளம் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும், டீக்கடை பெஞ்சுகளிலெல்லாம் துறைமுக நிபுணர்கள் முளைத்துவிட்டார்கள்.

இவர்களைச் சமாளிக்க ஓர் அதிகாரி இருந்தார். எதைப் பார்த்தாலும் அதிலிருந்து ஒரு வாசகத்தைப் பிழிந்து எடுத்துவிடுவார் என்பதால் அவருக்கு உள்ளே ‘வாசகம்’ என்று பெயர். ‘அலை ஓய்ந்தாலும் நாங்கள் ஓய்வதில்லை’ என்று ஓய்வறைச் சுவரிலேயே எழுதவைத்த மகான். துண்டறிக்கை அச்சடித்தார், ஊர் அதில் வேர்க்கடலை மடித்தது. ஓவியப் போட்டி வைத்தார்; பிள்ளைகள் எல்லாரும் மூழ்குகிற கப்பலையே வரைந்து பரிசு கேட்டார்கள். கடைசியில் பலித்தது பேருந்து ஒன்றுதான். கடுகடுவென்று ஏறுகிறவர்கள்கூடச் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள். அவள் பேசுகிற விதம் அப்படி என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கணவன் இதே துறைமுகத்தில் சிக்னல்காரனாக இருந்தவன். கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் சரக்கு எங்கே இருக்கிறது, ஆள் எங்கே நிற்கிறான் என்று அவருக்குத் தெரியாது. கப்பல் விளிம்பில் நிற்கும் சிக்னல்காரனின் கைதான் அவருக்குக் கண். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. சைகை காட்டும் கைக்கு மேல் இன்னொரு கையை அசையாமல் பிடித்தால் மெல்ல. கையை நீட்டி, உள்ளங்கையைத் தரைப் பக்கம் கவிழ்த்து, இடமும் வலமும் வீசினால் நிறுத்து. பொழுதன்னைக்கும் நாற்சந்திப் போலீஸ்காரர் மாதிரி கையாட்டிக்கொண்டிருந்ததால் அவனை எல்லாரும் ‘டிராபிக்’ என்று கூப்பிட்டார்கள். அவனுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

மூன்றாம் தளத்தில் ஒரு கப்பலிலிருந்து மரக்கட்டைகளைத் தூக்கும்போது கம்பிவடம் அறுந்தது. கட்டு சாய்ந்து விளிம்பைத் துடைத்துக்கொண்டு போனது. விளிம்பில் டிராபிக் நின்றிருந்தான். அவ்வளவுதான். விசாரணை நடந்தது. மனிதர்கள் யார் மேலும் தவறு இல்லை, வடத்தின் மேல்தான் தவறு என்று முடிவாயிற்று. வடம் எதிர்த்துப் பேசவில்லை.

கருணை அடிப்படையில் அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கிற வேலை. வேலை இருக்கிறவரை ஊழியர் குடியிருப்பில் அந்த வீடு இருக்கும். வேலை போனால் வீடும் போகும். அவளும் மாமியாரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்; கட்டிக்கொண்டு போக இரண்டு பேருக்கும் வேறு ஒரு வாசல் இல்லை.

அவள் அழவில்லை. அழக் கூடாது என்ற வீறாப்பெல்லாம் ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினால்கூட யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அவளே நாற்காலி எடுத்துப் போட்டாள். அதைப் பார்த்து நெஞ்சழுத்தக்காரி என்று சொன்னவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

பேருந்து தினமும் அந்த மூன்றாம் தளத்தைத் தாண்டித்தான் போகும். “உங்களுக்கு வலப்பக்கம் தெரியறது மூன்றாம் தளம். மரமும் இரும்பும் இங்கதான் இறங்கும்” என்று சொல்வாள். “இடப்பக்கம் பாருங்க” என்று அடுத்ததற்குப் போவாள். குரல் நூலளவும் அசையாது.

அந்தப் பேருந்தை ஓட்டுகிறவர், டிராபிக்கின் கையைப் பார்த்துக் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அதே மனிதர். அன்றைக்குக் கூண்டிலிருந்து இறங்கியவர் மறுபடி ஏறவில்லை. தரையில் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டுப் பேருந்தை வாங்கிக்கொண்டார். அவள் அவரை அண்ணன் என்பாள். காலையில் “டீ குடிச்சியாம்மா?” என்று கேட்பார். “ஆச்சுண்ணே” என்பாள். அன்றைய சம்பவத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பேருந்துச் சுற்றில் எல்லாருக்கும் பிடித்த இடம் சைகைப் பாடம். கிரேன்களுக்கு எதிரே பேருந்தை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளானாலும் சரி, ஓய்வுபெற்ற கணக்கர்களானாலும் சரி, எல்லாரையும் கையைத் தூக்கச் சொல்லிச் சைகைகளைக் கற்றுக்கொடுப்பாள்.

“தூக்குன்னு சொல்லவும் இறக்குன்னு சொல்லவும் ஒருத்தருக்குத்தான் உரிமை. சிக்னல்காரர். பெரிய அதிகாரியே வந்து நின்னு விரலைச் சுத்தினாலும் கிரேன் அசையக் கூடாது. ஆனா நிறுத்துன்னு மட்டும் யார் வேணா காட்டலாம். கூட்டறவங்க காட்டலாம், டீ கொண்டு வர்றவங்க காட்டலாம். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. உடனே நிறுத்தணும். நிறுத்தின பிறகு மறுபடி ஆரம்பிக்கணும்னா, திரும்ப அந்தச் சிக்னல்காரர்தான் கை காட்டணும்.”

பிறகு ஒரு சின்ன நகைச்சுவை. “வீட்டுலயும் இந்தச் சட்டம் வந்தா எவ்வளவு நல்லாருக்கும்?” பேருந்து சிரிக்கும். அது டிராபிக் அடித்த ஜோக். காப்புரிமை கேட்க அவன் இல்லை.

உண்மையில் அவள் வீட்டில் அந்தச் சட்டம் இருந்தது. மாமியார் வாலிப வயதில் நூல் மில்லில் இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்தவர். காது அங்கேயே போய்விட்டது. பக்கத்தில் வந்து கத்தினால் பாதி கேட்கும். கத்தித் தொண்டை வறண்ட மகன், துறைமுகத்துச் சைகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். விடிந்தும் எழாத மனைவியைக் காட்டி அம்மாவிடம் விரலை மேலே சுழற்றுவான். தட்டில் இன்னும் கொஞ்சம் என்று அம்மா கரண்டியோடு வந்தால் கையைக் கவிழ்த்து வீசுவான். மாமியாரும் விடுகிற ஆள் இல்லை. மகனும் மருமகளும் வாய்ச்சண்டை போட்டால், என்ன சண்டை என்று தெரியாமலே நடுவில் வந்து கையை நீட்டி வீசுவார். நிறுத்திவிட வேண்டும். அதுதான் சட்டம். அப்புறம் மறுபடி ஆரம்பிக்கலாமா என்று மாமியாரும் மருமகளும் டிராபிக்கின் கையைப் பார்ப்பார்கள். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்ப்பான். சண்டை அதோடு செத்துவிடும்.

அவன் போன பிறகு அந்த வீட்டில் யாரும் கை காட்டவில்லை. பேருந்தில் ஊரே கற்றுக்கொண்ட சைகைகளில் ஒன்றைக்கூட அவள் வீட்டில் காட்டியதில்லை. காட்ட வேண்டாம் என்று நினைத்ததும் இல்லை. இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். போதும் என்றால் தட்டை நகர்த்திக்கொள்வார்கள். குளியலறைத் தாழ்ப்பாள் ஒரு திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வடம் அறுந்த அன்றைக்குக் காலையில் டிராபிக் ஒன்றைப் போட்டுவிட்டு, நேரமாகிவிட்டது, இன்னொன்றைச் சாயங்காலம் வந்து போடுகிறேன் என்று போயிருந்தான். இருவரும் கதவுக்கு வாளியை முட்டுக்கொடுத்துக் குளித்தார்கள்.

பேருந்தில் ஒரு நடைமுறை உண்டு. ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும் முதலில் வாசகம் ஏறி வரவேற்புச் சொல்வார். அதுவரை அவள் காவலர் அறையில் காத்திருப்பாள். அவர் இறங்கிக் கட்டைவிரலைக் காட்டினால் அவள் ஏற வேண்டும். ஒருநாள் பெரிய மழை. காவலர் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அவள் குடையை மடக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பேருந்தின் பின் கதவு வழியாக ஏறி, கடைசி இருக்கைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். அன்று வந்தவர்கள் கடைக்காரர்கள் சங்கம். புதுத் தளம் கூடவே கூடாது என்று கடையடைப்பு நடத்தியவர்கள். முன்னால் வாசகம் பேசிக்கொண்டிருந்தார்.

“இப்ப ஒருத்தங்க ஏறுவாங்க. அவங்க வீட்டுக்காரர் இதே துறைமுகத்துல, மூணாம் தளத்துல உயிரை விட்டவர். அவங்களே இந்தத் துறைமுகம் வேணும்னு நிக்கிறாங்க. அதுக்கு மேல நீங்களும் நானும் என்ன சொல்லிடப் போறோம்? மூணாம் தளம் வரும்போது வெளிய பாக்க வேணாம், அவங்க முகத்தைப் பாருங்க. அழ மாட்டாங்க. அதுதாங்க துறைமுகக் குடும்பம்.”

அவள் சத்தமில்லாமல் பின் கதவு வழியாக இறங்கினாள். மழையில் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். வாசகம் கட்டைவிரலைக் காட்டினார். ஏறினாள். சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தாள். மூன்றாம் தளம் வந்தபோது முதல் முறையாக அவள் கூட்டத்தின் முகங்களைக் கவனித்தாள். ஜன்னல் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போதும் இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். பேச்சைக் கேட்டுத்தான் வாயடைத்துப் போகிறார்கள் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாளே, அதை நினைத்தால் சிரிப்புத்தான் வர வேண்டும். கோபமும் வர வேண்டும். எது வர வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒன்றும் வரவில்லை. “இடப்பக்கம் பாருங்க” என்றாள்.

சுற்று முடிந்து கடைக்காரர்கள் சத்தமில்லாமல் இறங்கிப் போன பிறகு, அண்ணன் ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தினமும் சொல்றாராண்ணே?” என்று கேட்டாள்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. “ம்.”

“எப்பலேருந்து?”

“நீ வேலைக்கு வந்ததுலேருந்து.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொன்னா வேலைய விட்டுடுவ. விட்டா வீடு போயிடும். அம்மாவ வெச்சிக்கிட்டு எங்கம்மா போவ?” துணியைப் பிழிந்தார். “அந்த எடம் வந்தா, நான் மேல இருக்கற கண்ணாடியத் திருப்பி வெச்சிடுவேன். எனக்கு உன் முகம் தெரியக் கூடாதுன்னு. என்னால ஆனது அதுதான்.”

“சரிண்ணே” என்றாள்.

வாசகத்தைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கு வேலை வாங்கித்தர அறை அறையாக ஏறி இறங்கியவர் அவர்தான். தன் வாசகங்களைத் தானே மனசார நம்புகிறவர் என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே கோளாறு. ஒரு வாரம் கழித்து அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னார். புதுத் தளத்துக்காக நகர மன்றத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போகிறது.

“மேலிடத்துல பேசிட்டேன்மா. நீங்க அன்னிக்கு மேடையேறி ஒரு அஞ்சு நிமிஷம் பேசிட்டீங்கன்னா வேலை நிரந்தரம். வேலை நிரந்தரம்னா வீடும் நிரந்தரம். யாரும் அசைக்க முடியாது.”

“என்ன சார் பேசணும்?”

“உங்க மனசுல இருக்கறதைப் பேசுங்க” என்றவர், அவள் மனசில் இருக்க வேண்டியதைத் தானே எடுத்தும் கொடுத்தார். “கடல் என் கணவரை எடுத்துக்கொண்டது, துறைமுகம் எனக்கு வாழ்வு கொடுத்தது. இதை மட்டும் விட்டுடாதீங்க.”

“கடல் எடுக்கல சார். மரக்கட்டை.”

வாசகம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “மரக்கட்டைன்னா வாசகம் நிக்காதும்மா” என்றார், வருத்தத்தோடுதான். அப்புறம், “அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. முன்வரிசையில உக்கார வைப்போம்” என்றார்.

அவள் தலையாட்டினாள். இவ்வளவுக்குப் பிறகும் ஏன் தலையாட்டினாள் என்று நீங்கள் கேட்கலாம். மரத்துப்போனவர்களுக்கு ஆமாம் சொல்வது சுலபம். மாட்டேன் என்று சொல்வதற்குத்தான் எங்கேயாவது வலிக்க வேண்டும். தவிர, அவள் மைக்கில் சொல்வதெல்லாம் பொய்யும் இல்லை. சர்க்கரை கப்பலில்தான் வருகிறது. ஜன்னல் கண்ணாடியும், மருந்தும், அந்தக் கடைக்காரர்கள் சங்கம் கடையை அடைக்கப் பூட்டிய பூட்டும் கப்பலில்தான் வந்தன. துறைமுகம் இல்லாமல் ஊர் இல்லை என்பதை அவள் நம்பினாள். அந்த நம்பிக்கைக்குள் டிராபிக்கை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை. வீடு மட்டும் தெரிந்தது. வீடு போகக் கூடாது.

வீட்டுக்கு வந்து மாமியாரின் காதருகே போய், “ஒரு கூட்டம் இருக்கு அத்தை. நீங்களும் வரணும்” என்று கத்தினாள்.

“நான் வந்து என்ன கேக்கப்போறேன்?”

“கேக்க வேணாம். உக்காந்தா போதும். வீட்டுக்காக.”

“வீட்டுக்கு என்ன?”

“நிரந்தரம் ஆகும்.”

“என்ன ஆகும்?”

“நிரந்தரம்.”

மாமியாருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. “சரி, நல்ல துணியா ஒண்ணு எடுத்து வை” என்றார்.

கூட்டத்தன்று நகர மன்றம் நிரம்பி வழிந்தது. முன்னால் அதிகாரிகள். ஒரு பக்கம் ஊர்க்காரர்கள், வாய் கிழியப் பேசுவதற்குத் தயாராக. இன்னொரு பக்கம், கைதட்டுவதற்காகக் கூட்டிவரப்பட்ட துறைமுகத் தொழிலாளிகள், வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்த மஞ்சள் சட்டைகளோடு. அவர்கள் நடுவில் அண்ணனும் இருந்தார். மாமியாரை முன்வரிசையில் கேமராவுக்கு வசதியாக ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மடியில் கையை வைத்துக்கொண்டு மேடையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் ஒருவர் லாரிகளைப் பற்றிப் பொரிந்து தள்ளினார். கரையோரத்தில் குடியிருக்கும் ஒரு பெண், போன வருஷம் தன் வீட்டுக்கு முன்னால் இருந்த பாதை இந்த வருஷம் இல்லை என்று சொல்லிவிட்டு, மேலே சொல்லத் தெரியாமல் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கு விழுந்த கைதட்டலைப் பார்த்து வாசகத்துக்கு வியர்த்துவிட்டது. உடனே வழிகாட்டியை மேடைக்கு அழைத்தார்.

அவள் சர்க்கரைப் பொட்டலத்திலிருந்து ஆரம்பித்தாள். தண்ணீர் பட்ட பாடாக எல்லாம் வாயில் வந்தது. பூட்டைப் பற்றிச் சொன்னபோது கடைக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மஞ்சள் சட்டைகள் கைதட்டின. ஓரமாக நின்ற வாசகம், அடுத்தது, அடுத்தது என்று கண்ணால் சொன்னார். விளக்குகள் மங்கின. தனக்குப் பின்னால் திரையில் ஏதோ வெளிச்சம் வருவது அவளுக்குத் தெரிந்தது. மைக் பிடித்தவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று பழகியவள் என்பதால் திரும்பவில்லை.

“மூன்றாம் தளம்னு ஒண்ணு இருக்கு” என்றாள். கூட்டம் அடங்கியது. எல்லாருடைய கண்ணும் அவள் தலைக்கு மேலே போனது. “அங்கதான் என் கணவர் வேலை பார்த்தார். கடல் என் கணவரை எடுத்துக்...”

முன்வரிசை ஓரத்தில் மாமியார் எழுந்து நின்றார். வலக்கையை நேராக நீட்டினார். உள்ளங்கையைத் தரைப் பக்கம் கவிழ்த்தார். இடமும் வலமுமாக வீசினார்.

அவள் நிறுத்தினாள். வார்த்தை பாதியில் நின்றது. யோசித்து நிறுத்தவில்லை, அந்தக் கையைப் பார்த்தால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். மஞ்சள் சட்டைப் பக்கத்தில் கைதட்டத் தூக்கிய கைகளும் அப்படியே நின்றுவிட்டன. யார் காட்டினாலும் நிறுத்து என்று அவர்களுக்கு உடம்பிலேயே ஊறியிருந்தது. அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு வயதான அம்மாள் எதற்கோ கையை வீசுகிறார் என்று பார்த்தார்கள்.

வாசகத்துக்கும் புரியவில்லை. இவ்வளவு வருஷம் துறைமுகத்தில் இருந்தும் சைகைப் பாடத்துக்கு அவர் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. ஓரத்தில் நின்றபடி, “சொல்லுங்க, சொல்லுங்க, மேல போங்க” என்று கிசுகிசுத்தார். கிசுகிசுத்தது போதாதென்று, மேலே போங்கள் என்பதற்காக ஆள்காட்டி விரலை உயர்த்திச் சுழற்றினார்.

தூக்கு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது. அவருக்கு அந்த உரிமை இல்லை என்பதும் தெரியாது. பெரிய அதிகாரியே வந்து விரலைச் சுழற்றினாலும் கிரேன் அசையக் கூடாது. மறுபடி ஆரம்பிக்கச் சிக்னல்காரர்தான் கை காட்ட வேண்டும்.

அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

திரை முழுக்க டிராபிக் சிரித்துக்கொண்டிருந்தான். பாதுகாப்பு வாரத்தில் எடுத்த படம். தலைக்கவசம் கொஞ்சம் கோணலாக இருந்தது. முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று தோளுக்குக் கீழே வெட்டியிருந்தார்கள். படத்தில் அவனுக்குக் கைகள் இல்லை.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு மைக்கில், “மன்னிக்கணும். நிறுத்தச் சொல்லிட்டாங்க” என்றாள். மைக்கை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கி வந்தாள். மாமியாரின் கை இன்னும் நீண்டுதான் இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அண்ணன் யாரையும் கேட்காமல் நீல அலை போட்ட பேருந்தை எடுத்துவந்தார். இருட்டிக்கொண்டு வந்தது. காலி இருக்கைகளுக்கு நடுவே இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். குடியிருப்புக்குப் போகிற வழி துறைமுகத்துக்கு உள்ளேதான்.

“வீடு போயிடுமா?” என்று மாமியார் கேட்டார். காது கேட்காதவர்கள் கேட்கிற மாதிரி, ஊருக்கே கேட்கும்படி.

“போகலாம் அத்தை.”

“போறதுக்கு முன்னாடி அந்தத் தாழ்ப்பாளுக்கு இன்னொரு திருகாணி போட்டுடணும்” என்றார். ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார். “அவன் படத்தைக் கையில்லாம போட்டாங்க. நீ பாட்டுக்கு அதுக்கு முன்னாடி நின்னு என்னவோ பேசிட்டிருக்க. எந்திரிச்சுக் கையை வீசிட்டேன். என்னம்மா பேசின அப்படி?”

“அவர் போனதால நமக்கு வாழ்வு வந்துச்சுன்னு பேச இருந்தேன்.”

“ஆ?”

“அவர் போயிட்டாருன்னு, அத்தை.”

“எங்க போயிட்டான்?” மாமியார் காதை அவள் வாயருகே கொண்டுவந்தார். “சத்தமாச் சொல்லு.”

“செத்துட்டார்.”

கேட்கவில்லை. மறுபடியும் கத்த வேண்டியிருந்தது. “செத்துட்டார் அத்தை. அவர் செத்துட்டார்.” பேருந்து முழுக்கக் கேட்டது. அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் முறை. மைக்கில் சொன்னதில்லை, வீட்டில் சொன்னதில்லை, விசாரணைக்கு வந்தவர்களிடமும் சொன்னதில்லை. மரத்த கால் திரும்ப உயிர்பெறும்போது முதலில் வருவது வலிதானே. அது வந்தது. வலப்பக்கம் மூன்றாம் தளம் போய்க்கொண்டிருந்தது. அவள் குனிந்து, முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். அசிங்கமாக, மூக்கு ஒழுக அழுதாள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருந்த கண்ணாடியை அண்ணன் இந்த முறை திருப்பி வைக்கவில்லை.

மாமியார் அவள் முதுகில் கை வைக்கவில்லை, கண்ணைத் துடைத்துவிடவும் இல்லை. ஒரு விரலைக் கீழே காட்டிச் சுழற்றினார். அதன் மேல் இன்னொரு கையை அசையாமல் பிடித்தார். மெல்ல இறக்கு. அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

கண்ணாடியில் அந்தக் கைகளைப் பார்த்த அண்ணன் பேருந்தின் வேகத்தைக் குறைத்தார்.